அந்தோனியார் ஏழு தரம் வலை வளைத்த பருவம்

கரைவலைச் சங்கம் இரண்டாக உடையப்போகிறது என்று ஓலைத்தொடுவாயில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சங்கத்தில் இருபத்திரண்டு வலை. கரையில் மீன் நன்றாகப் படுகிற இடம் ஒன்றே ஒன்று. அதற்கு நடுப்பாடு என்று பெயர். ஒரு நாளைக்கு ஒரு வலைதான் அங்கே வளைக்கலாம், ஆகவே முறை வைத்துத்தான் போக வேண்டும். ஞாயிறு, திருநாள், ஊரில் சாவு என்றால் யாரும் கடலில் கால் வைப்பதில்லை. அன்றைய முறை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். காற்று அடித்து வளைக்க முடியாமல் போனால் மட்டும் முறை போனது போனதுதான். இது எழுதாத சட்டம். எழுதாத சட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நாள் காற்றும் சாவும் சேர்ந்து வரும் வரைக்கும்.

போன மார்கழியில் அது வந்தது. விடியும்போதே காற்று. எட்டு மணிக்குக் கோயிலில் சாவு மணி. அன்றைய முறை சங்கத் தலைவர் சந்தியோகுவுடையது.

"ஊரில சாவு. என்ர முறை நாளைக்குத் தள்ளிப்போகுது" என்றார் சந்தியோகு.

"மணி அடிக்க முதலே உங்கட முறையைக் காத்துக் கொண்டு போயிட்டுது. நாளைக்கு என்ர முறை" என்றார் அடுத்த வலைக்காரர் பேதுரு.

மறுநாள் இரண்டு பேரும் இரண்டு வலையோடு ஒரே கரைக்கு வந்தார்கள். அன்றைக்கு மீன் பிடித்தது குறைவு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்ததுதான் கூட. அதன்பிறகு இருபத்திரண்டு வலையும் இரண்டு கட்சி. பெற்றிசியாவின் கணவன் மில்ரன் பேதுருவின் வலையில் இழுக்கிறவன். அவளுடைய தம்பி றொசாந்தன் சந்தியோகுவின் வலையில் இழுக்கிறவன். ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. ஒன்பது மாதமாக அத்தானும் மச்சானும் ஒரு சொல் பேசவில்லை. பெற்றிசியா வேலிக்கு மேலால் கறி கொடுத்தாள். கறி போனது, வந்தது. கதை மட்டும் போகவில்லை.

முறைக் கொப்பி எழுதிக்கொண்டிருந்த செயலாளர் கனடாவுக்குப் போய்விட்டார். ஆவணியில் நிர்வாகக் கூட்டம் கூடி, புதுப் பருவத்துக்கு முறையை யார் எழுதுவது என்று இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். இவன் எழுதினால் அவன் ஏற்கமாட்டான், அவன் எழுதினால் இவன் ஏற்கமாட்டான். கூட்ட அறிவித்தலை அச்சடித்துக் கொண்டு வந்து கொடுத்த பெற்றிசியா வாசலில் நின்றபடி சொன்னாள்.

"நான் கொம்பியூட்டரில எழுதித் தாறன். அது ஆரின்ர பக்கமும் சாயாது."

சந்தியோகு கண்ணாடியைக் கழற்றினார். "உன்ர மனுசன் பேதுருவின்ர வலையில எல்லோ, பிள்ளை."

"என்ர தம்பி உங்கட வலையில எல்லோ, மாமா."

யாரோ சிரித்தார்கள். சந்தியோகு சிரிக்கவில்லை. "புரட்டாதிக் கடைசி ஞாயிறு பொதுக்கூட்டம். அதில வாசி. நானும் பேதுருவும் கையெழுத்து வைச்சால் ஒரு சங்கம். வைக்காட்டி அண்டைக்கே ரெண்டு."

அந்தத் துணிவு அவளுக்கு ஒரு நாளில் வந்ததல்ல. கணினி படிப்பதற்கு இங்கிலிஷ் வேண்டும், பட்டம் வேண்டும், கொழும்பில் ஒரு அறை வேண்டும் என்று சொல்லித் திரிகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பெற்றிசியாவைத் தெரியாது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் இரண்டு தடவை தவறியவள். ஏழு மணி பஸ் பிடித்து மன்னாருக்குப் போய், வஸீர் நானாவின் கடையில் போட்டோக் கொப்பி அடிக்கிறவள், கடிதம் ரைப் பண்ணுகிறவள், சனத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள். முப்பத்தெட்டு வயதில் தொடங்கினாள். தொடங்கியதும் ஒரு பிழையால்தான்.

உம்மு ஸல்மா என்று ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவர், இருபத்தொன்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். தவணைப் பரீட்சைப் பேப்பரை ரைப் பண்ணக் கொடுத்தார். அதில் ஆறு வரி விளங்காத எழுத்து. சில வரி ஓரத்தில் நின்றது, சில வரி நாலு இடம் தள்ளி நின்றது. பெற்றிசியா ரைப் பண்ணினால் கோடு கோடாக நிற்கும். அது அவளுடைய பெருமை. டீச்சர் அவசரத்தில் கோணலாக எழுதிவிட்டார் என்று நினைத்து ஆறு வரியையும் ஒரே ஓரத்துக்கு இழுத்து நேராக்கிவிட்டாள்.

மூன்று நாள் கழித்து ஸல்மா கடைக்கு வந்தார்.

"அக்கா, நீங்க நேராக்கின பேப்பரை வைச்சுக்கொண்டு நாப்பத்திரண்டு பிள்ளையள் முழிச்சுதுகள். நானும் முழிச்சன்."

"எழுத்து ஒண்டும் விடேல்லயே டீச்சர்."

"எழுத்து விடேல்ல. இடைவெளியை விட்டுட்டீங்க. பைத்தன் எண்ட பாசையில வெறும் இடத்துக்கும் அர்த்தம் இருக்கு. தள்ளி நிக்கிற வரி, மேல நிக்கிற வரிக்குச் சொந்தம்."

பெற்றிசியா வெட்கப்பட்டாள். பிறகு வெட்கத்தை மறந்துபோனாள். வெறும் இடத்துக்கு அர்த்தம் உள்ள ஒரு பாசை உலகத்தில் இருக்கிறதா? பதினாலு வருசமாக இடைவெளி அடித்துக் காலம் போக்கியவளுக்கு அந்த ஒரு சொல் போதும். "அந்தக் குறிப்பு ஒரு கொப்பி எனக்கும் அடிக்கட்டோ டீச்சர்?" என்றாள்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தொடங்கினாள். முதல் வரி, தன் பெயரைத் திரையில் வரச் செய்வது. வந்தது. தமிழிலேயே வந்தது. அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள், காட்டுவதற்கு ஒருவரும் இல்லை. போட்டோக் கொப்பி மெசினுக்குத்தான் காட்டினாள்.

லூப் என்பதைப் பிடிக்க மற்றவர்களுக்கு ஒரு கிழமை போகும். பெற்றிசியாவுக்குப் பத்து நிமிடம். ஒரு வேலையைச் சொன்ன தரம் திரும்பத் திரும்பச் செய்வது என்று குறிப்பில் இருந்தது. இதை அவள் ஐந்து வயதிலிருந்து செய்கிறாள். பத்து அருள் நிறைந்த மரியே ஒரு காரணிக்கம், அதற்கு வெளியே அப்படி ஐந்து காரணிக்கம், தொடக்கத்தில் தனியே மூன்று மணி. உள்ளே ஒரு லூப், வெளியே ஒரு லூப். எழுதி ஓடவிட்டாள். ஐம்பத்துமூன்றுமணி செபமாலை அரை நொடியில் திரையில் இறங்கியது. பெற்றிசியா வாயில் கையை வைத்துக்கொண்டு கதிரையோடு சுழன்றாள். அந்தக் கதிரை சுழல்கிற கதிரை அல்ல.

அடுத்த நாள் வேறு விதமாக எழுதிப் பார்த்தாள். எண்ணிக்கையைக் கூட்டுகிற வரியை மறந்துவிட்டாள். செபமாலை தொடங்கியது, நிற்கவில்லை. பகல் சாப்பிட்டுவிட்டு வந்த வஸீர் நானா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இது எப்ப முடியும்?"

"முடியாது நானா. நிக்கமாட்டுது."

"கரண்டைப் பிடுங்கவா?"

"ஐயோ, பிடுங்காதேங்கோ."

"சரி சரி. உங்கட செபம். நான் நிப்பாட்டினா நாளைக்கு என்னைத்தான் சொல்லுவாங்கள். நீயே நிப்பாட்டு." அவர் பயபக்தியோடு இரண்டடி பின்னால் போய் நின்றார். நிற்பாட்டுகிற விசை இரண்டையும் குறிப்பில் தேடி அமத்துவதற்குள் பதினேழாயிரம் மரியே போய்விட்டது. அந்தக் கிழமை தான் செய்த பாவம் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று பெற்றிசியா மில்ரனிடம் சொன்னாள்.

பூச்சியத்திலிருந்து எண்ணுவதை விளக்க ஸல்மா டீச்சர் படம் கீறிக்கொண்டு வந்தார். பட்டியலில் முதல் ஆளின் இலக்கம் ஒன்று அல்ல, பூச்சியம். பிள்ளைகள் இதில் ஒரு தவணை முழுக்கத் தடக்குப்படுவார்களாம்.

"இதில என்ன இருக்கு டீச்சர்? எங்கட ஊரில அப்பிடித்தானே. பருவத்தில முதல் நாள் வளைக்கிறது அந்தோனியார் பாடு. எல்லாரும் சேர்ந்து இழுப்பம், மீன் கோயிலுக்கு. அது ஒருத்தற்ற முறையிலும் சேராது. அடுத்த நாள்தான் ஒண்டு. அப்ப அந்தோனியார் பூச்சியம்."

ஸல்மா கீறிய படத்தை மடித்துப் பையில் வைத்தார். "அக்கா, இதை நான் வகுப்பில சொல்லேலாது. ஆனா நல்லா இருக்கு."

எல்லாம் இப்படிச் சறுக்கிக்கொண்டு போகவில்லை. பங்ஷன் என்ற இடத்தில் மூன்று மாதம் கிடந்தாள். ஒரு வேலையை எழுதி அதற்குப் பெயர் வைத்துவிட்டால் பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். அது விளங்கியது. விடையைத் திரையில் காட்டுவதும் விடையைத் திருப்பித் தருவதும் இரண்டு என்கிறார்கள். அதுதான் மண்டைக்குள் ஏறவில்லை. இரண்டிலும் விடை வருகிறதே. கொப்பியைச் சுருட்டி மேசை லாச்சிக்குள் போட்டாள். சாதாரண தரக் கணக்கு வாத்தியின் முகம் நினைவுக்கு வந்தது.

ஸல்மா மணம் பிடித்துவிட்டார். "அக்கா, மனுசனைச் சந்தைக்கு அனுப்புறீங்க, கத்தரிக்காய் வாங்க. அவர் திரும்பி வந்து வாசலில நிண்டு 'கத்தரிக்காய், கத்தரிக்காய்' எண்டு கத்துறார். கறி வைக்கலாமா?"

"ஏலாது."

"அதுதான் பிறின்ட். கத்துறதோட சரி. கையில கொண்டு வந்து தந்தா?"

பெற்றிசியா லாச்சியைத் திறந்தாள். "அதுதான் ரிட்டேர்ன்." கொப்பியை வெளியே எடுத்தாள். "எங்கட ஆள் கத்தவும் மாட்டார், கொண்டு வரவும் மாட்டார், டீச்சர். சந்தியில நிண்டு கதைச்சுப்போட்டு வந்திடுவார்."

"அதுக்கும் பைத்தனில ஒரு சொல் இருக்கு. வெறுங்கையோட வந்தான் எண்டு அர்த்தம்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த ஆள் தப்பான கடைக்கு வந்துவிட்டேனோ என்று பெயர்ப்பலகையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கடைக் கணினியில் ஆட்களின் படம் நாலாயிரம் கிடந்தது, கமரா வைத்த இலக்கத்தோடு. பழைய ஆள் வந்து அதே படத்தை இன்னொரு தரம் கேட்டால் அரை மணித்தியாலம் முகம் முகமாகத் தேட வேண்டும். பெயரும் எடுத்த நேரமும் ரசீதுப் பட்டியலில் வேறாகக் கிடந்தன. இரண்டையும் பொருத்தப் பெற்றிசியா முப்பத்தொரு வரி எழுதினாள். ஒவ்வொரு படமும் ஆளின் பெயரையும் எடுத்த திகதியையும் தானே பூசிக்கொண்டது. நாலாயிரத்துக்கும் ஒன்பது நொடி. அன்று பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து தோட்டவெளி தாண்டும் வரை தனியே சிரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த மனிசி மடியில் கிடந்த பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டது.

எரர் வந்தால் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். பிறகு கண்டுபிடித்தாள். எரர் திட்டு அல்ல, விலாசம். கடைசி வரியிலிருந்து மேலே வாசித்துக்கொண்டு போனால் எந்த வீட்டில் பிழை இருக்கிறது என்று அதுவே சொல்லும். எதையும் எழுதிவிட்டு, அதை உடைத்துப் பார்க்க இன்னொரு துண்டு எழுதுகிற பழக்கம் இரண்டாம் வருசம் வந்தது. முதல் வருசம் எழுதியதை எடுத்துப் பார்த்து, இதை எழுதின விசரி யார் என்று கேட்டதும் அந்த வருசம்தான். பைத்தனை உண்டாக்கினவர்களின் சொந்தக் கையேடு இங்கிலிஷில் கிடந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம் தின்றாள். தமிழில் கேள்வி கேட்கிற ஒரு முகநூல் குழுவில் பதில் எழுதத் தொடங்கினாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொடியன் "நன்றி சார்" என்று எழுதினான். அவள் திருத்தவில்லை. ஒரு நாள் முழுக்க சாராகவே இருந்தாள்.

மூன்றாம் வருசம் ஸல்மா டீச்சர் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, "அக்கா, ரெண்டு நாளா இது என்னைப் படுத்துது, ஒருக்காப் பாருங்க" என்றார். பெற்றிசியா பார்த்தாள். பத்து நிமிடத்தில் விரலை ஒரு வரியில் வைத்தாள். ஸல்மா அந்த வரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இனி நான் உங்களை டீச்சர் எண்டு கூப்பிடவா?" என்றார்.

இப்படிப்பட்டவள்தான் ஆவணியில் சங்க வாசலில் நின்று வாயைத் திறந்தாள்.

முறையை எழுத ஒரு மாதம். ஞாயிறை ஒதுக்குவது சின்ன வேலை. நிலையான திருநாள் எல்லாம் ஒரு பட்டியலில் போட்டாள். உயிர்த்த ஞாயிறு வருசத்துக்கு வருசம் நகர்வதால் பெரிய வெள்ளியும் நகரும். அதைக் கணக்குப் பார்க்கிற துண்டு ஒன்றைப் பைத்தன்காரர்கள் எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். கண்டபோது அவளுக்கு அவர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. சாவு நடந்தால் அந்தத் திகதியைப் போட ஓர் இடம், காற்றுக்கு ஓர் இடம். ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்தாள். உடையவில்லை. பருவத்தில் வளைக்கக்கூடிய நாள் நூற்றைம்பத்துநாலு. ஒரு சுற்றுக்கு ஒரு பக்கமாக ஏழு பக்கம் அச்சடித்தாள்.

மில்ரன் பார்த்தான். "எல்லாப் பக்கத்திலயும் அந்தோனியாரை மேல போட்டிருக்கிறாய். நல்லது."

ஸல்மாவும் பார்த்தார். "உங்கட ஆக்கள் அவரைச் சொல்லாம ஒண்டும் தொடங்கமாட்டீங்கதானே."

பெற்றிசியாவுக்கும் அது கண்ணில் குத்தவில்லை. அந்த ஊரில் கல்யாணக் கடிதத்தின் தலையில் புனிதர் இருப்பார், வள்ளத்தின் முன்பக்கத்தில் இருப்பார், விளையாட்டுப்போட்டி நோட்டீசில் இருப்பார். பக்கத்தின் மேலே அவர் பெயர் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

புரட்டாதிக் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து சனம் நேரே பங்கு மண்டபத்துக்கு வந்தது. இடப்பக்கம் சந்தியோகுவின் ஆட்கள், வலப்பக்கம் பேதுருவின் ஆட்கள். நடுவில் ஒரு மாட்டுவண்டில் போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். றொசாந்தன் அந்தப் பக்கம், மில்ரன் இந்தப் பக்கம். பெற்றிசியா லப்டொப்பை மண்டபத்துப் பெரிய ரீவியில் கொழுவிவிட்டு, ஏழு பக்கத்தையும் இரண்டு பக்கமும் கொடுத்தாள்.

சந்தியோகு ஒரு பெட்டி நெருப்புக்குச்சியைக் கதிரையில் கொட்டினார். கணினியை நம்பாதவர், குச்சியை நம்புகிறவர். பக்கம் பக்கமாகக் குச்சி அடுக்கினார். மண்டபம் காத்திருந்தது. கால் மணித்தியாலம் கழித்து நிமிர்ந்தார்.

"என்ர வலை பதினெட்டாவது. பேதுருவின்ர பத்தொன்பதாவது. சரி. ஆனா எனக்கு ஆறு முறைதான் வருது."

"எனக்கும் ஆறுதான்" என்றார் பேதுரு. ஒன்பது மாதத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விசயம் அது.

"எங்களுக்கு ஏழு வரவேணும்" என்றார் சந்தியோகு. "முன்னுக்கு நிக்கிற வலையளுக்கு வருது. இன்னொராளுக்கும் ஏழு வந்திருக்கு, அவர் ஏழு பேப்பரிலயும் முதல் ஆளா நிக்கிறார்."

"ஆர் அது?"

"அந்தோனியார்."

ஏழு பக்கத்தையும் புரட்டுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு பின்வரிசையில் யாரோ, "அவருக்கு வலையே இல்லையே" என்றார்கள். இன்னொரு குரல், "அவர் இப்ப எந்தப் பக்கமாம்?" என்றது. மண்டபம் ஒரேயடியாக வெடித்தது. ஆனால் சந்தியோகு பேப்பரை மடிக்கத் தொடங்கினார். பேதுருவும் எழும்பினார். மில்ரன் மனைவியைப் பார்த்தான். வேலிக்கு மேலால் கறி மட்டும் போய்வரப்போகிற ஒரு வாழ்நாள் பெற்றிசியாவின் கண்ணில் தெரிந்தது.

மூன்று வருசத்துக்கு முந்திய பெற்றிசியா என்றால் அழுதிருப்பாள். இவள் கதிரையை இழுத்து இருந்தாள்.

"பிழை என்னில. இருங்கோ மாமா. ரெண்டு நிமிசம்."

எங்கே என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தோனியாரைப் பட்டியலின் பூச்சியத்தில் வைத்தவள் அவள்தான். பட்டியல் முடிந்து திரும்பி வரும்போது பூச்சியத்திலிருந்துதானே தொடங்கும். புனிதரும் சுற்றுக்கு ஒரு தரம் கடலுக்கு இறங்கிவிட்டார். ஞாயிறை உடைத்துப் பார்த்தவள், சாவை உடைத்துப் பார்த்தவள், அந்தோனியாரை உடைத்துப் பார்க்கவில்லை. அப்படி யாருக்குத் தோன்றும்? அவரைப் பட்டியலிலிருந்து தூக்கி, பருவத்தின் முதல் நாளில் தனியே இருத்தினாள். அதோடு இன்னும் இரண்டு வரி: பருவத்தில் அவர் பெயர் ஒரு தரத்துக்கு மேலே வந்தால் ஒன்றையும் அச்சடிக்காமல் நின்றுவிடு. ஓடவிட்டாள். ரீவியில் புது முறை இறங்கியது.

சந்தியோகு மறுபடி குச்சி அடுக்கினார். இந்தத் தரம் பேதுருவும் வந்து குனிந்து நின்று எண்ணினார்.

"ஏழு."

"எனக்கும் ஏழு."

"கடைசி வலைக்கு மட்டும் ஆறு" என்றாள் பெற்றிசியா. "நாள் காணாது. வாற பருவத்தில அந்த வலையில இருந்து தொடங்கும். அதையும் எழுதியிருக்கிறன். இப்ப ஒண்டு நீங்கள் சொல்லவேணும். ஒரே நாளில காத்தும் சாவும் வந்தா, நான் முதல் எதைக் கேக்கிறது?"

இதற்காகத்தானே நடுவில் வண்டில் போகிற இடம்.

"அது அந்த நேரத்து நிலைமையைப் பாத்து..." என்று பேதுரு தொடங்கினார்.

"நிலைமையைப் பாக்கிற வரி இதில இல்லை அண்ணை. முதல் ஒண்டைக் கேக்கும். ஓம் எண்டா மற்றதைக் கேக்காது. சாவை முதல் கேட்டா முறை தள்ளிப்போகும். காத்தை முதல் கேட்டா முறை போயிடும். எழுதுறது நான், முடிவு உங்கட. போன மார்கழியை விடுங்கோ, அது இதுக்குள்ள இல்லை."

எத்தனையோ கூட்டத்தில் யாரும் இதை இப்படிக் கேட்டதில்லை. நீ சரியா நான் சரியா என்றுதான் கேட்டார்கள். எது முதல் என்று இப்போதுதான் கேட்டார்கள். கை உயர்த்தச் சொன்னார் சந்தியோகு. சாவுக்கு முதலில் பத்து கை. பிறகு வலப்பக்கத்திலும் ஒன்றிரண்டு. எல்லோர் வீட்டிலும் ஒரு நாள் நடக்கப்போவதுதானே. பேதுரு கையை அரைவாசி உயர்த்தியபடி கேட்டார்.

"நான் செத்தாலும் இப்பிடித்தானோ?"

"ஓம்."

"காத்து அடிச்சாலும்?"

"அடிச்சாலும்."

"செய்து காட்டு."

பெற்றிசியா திகதி கேட்டாள். கார்த்திகை பன்னிரண்டு என்றார் பேதுரு. போட்டாள். அன்றைக்குக் காற்றும் போட்டாள். ஓடவிட்டாள். முழு முறையும் ஒரு நாள் நகர்ந்து நின்றது, ஒருவருடைய முறையும் போகவில்லை. பேதுரு ரீவிக்குக் கிட்டப் போய்த் தன் சாவை நன்றாகப் பார்த்தார். "இருபத்திரண்டு வலையும் எனக்காண்டி நிக்குது" என்றார். குரலில் நல்ல திருப்தி. அங்கேயே கையை முழுதாக உயர்த்தினார், பின்னால் மற்றக் கைகளும் எழும்பின.

அத்தோடு பிடித்தது ஆட்டம். எல்லோருக்கும் சாக வேண்டும். "என்னைப் பெரிய வெள்ளியில சாகடி, பிள்ளை." பெரிய வெள்ளியில் ஏற்கனவே வலை இல்லை, செத்தும் பயன் இல்லை என்று அவள் காட்டினாள். "அப்ப அடுத்த நாள் போடு." "எங்கட தலைவரைச் சாகடிச்சுப் பாப்பம்." சந்தியோகு, தனக்கு ஞாயிறு வேண்டாம், கிழமை நாளில் போடு, ஒரு நாளாவது ஊரை நிற்பாட்ட வேண்டும் என்றார். ஆட்கள் கதிரையை இழுத்து இழுத்து முன்னால் வந்தார்கள். நடுவில் விட்ட இடம் எப்போது மூடியது என்று யாரும் கவனிக்கவில்லை.

இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. றொசாந்தன்.

"அக்கா, அத்தானைச் சாகடிச்சுப் பார்."

பெற்றிசியாவின் விரல் விசையில் நின்றது. மில்ரன் திரும்பினான்.

"என்ர சாவுக்கு வருவியோ?"

"வராமல்? பெட்டியை முன்னுக்குப் பிடிக்கிறது நான்தான்."

"நீ கட்டை. பெட்டி சரியும்."

"உங்கட பாரத்துக்கு எப்பிடியும் சரியும், அத்தான்."

மில்ரன் சிரிக்கத் தொடங்கி நிற்பாட்ட முடியாமல் கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். பெற்றிசியா தை மாதம் பார்த்து மனுசனைச் சாகடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து எழுத்துத் தெரியவில்லை, இருந்தாலும் திகதி சரியாகத்தான் போட்டாள்.

பதினொரு பேர் செத்து முடிந்தார்கள். முறை ஒரு தரமும் பிசகவில்லை. சந்தியோகு குச்சிகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டார், அறிக்கைக் கொப்பியை விரித்தார், தன் கையெழுத்தை ஆறுதலாக வைத்தார். கொப்பியைப் பேதுருவின் பக்கம் தள்ளினார்.

பேதுரு பேனாவை எடுத்தார். கையெழுத்து வைக்கவில்லை. ரீவியைப் பார்த்தார்.

"முதல் என்னை எழுப்பு."

"என்ன அண்ணை?"

"அதில நான் கார்த்திகையில செத்துக் கிடக்கிறன். செத்தவன் வைச்ச கையெழுத்து செல்லுமோ? நாளைக்கு இவங்கள் இதைத்தான் கதைப்பாங்கள். எழுப்பு."

"எல்லாரையும் எழுப்புறன், பொறுங்கோ."

"அவங்கள் கிடக்கட்டும். அவசரம் இல்லை."

பெற்றிசியா ஒரு வரியை அழித்து ஓடவிட்டாள். பேதுரு எழும்பிப் போய், ரீவியில் விரலை வைத்து மேலிருந்து கீழே பெயர் பெயராக இறங்கி, பத்தொன்பதாவது இடத்தில் தன்னைக் கண்டார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். பேனாவை ஒரு தரம் உதறினார். கையெழுத்தை வைத்தார்.